என்னை ஏன் சாட்சியாகப் போடவில்லை?

அப்படி முறைக்காதீர்கள் அக்கா. பஸ் தாமதமாகக் கிளம்பியதற்கு நான் மட்டும்தான் காரணமா? அந்தப் பெரியவர் நாங்குநேரி போக வேண்டும் என்கிறார். கண்டக்டர், "நாங்குநேரி ஏறாத, வண்டி பைபாஸ்ல போவும்" என்று சொல்லி அவர் பையைத் தூக்கிக் கீழே வைக்கிறார். பஸ்ஸின் நெற்றியில் நாங்குநேரி என்று எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறதா, இல்லையா? அதைத்தான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் மெதுவாகக் கேட்டால் யாருக்குக் காதில் விழும்? இப்போது பாருங்கள், வண்டி ஊருக்குள் போகப் போகிறது. பெரியவர் டிரைவருக்குப் பின்னால் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வாழைக்குலையை இந்தப் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள், நானும் ஒரு கை பிடிக்கிறேன். நான் மதுரை வரைக்கும். யுனிவர்சிட்டி ஹாஸ்டல். எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் வருஷம். பெயர் பெர்லின் சுபா. சிரிக்காதீர்கள், எங்கள் பக்கம் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பிலேயே ஒரு வியன்னாவும் இரண்டு ஜெனீவாவும் இருந்தார்கள்.

இப்போது நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள் அக்கா. எனக்கு இருபத்திரண்டு வயது. ஓட்டுப் போட்டிருக்கிறேன். புத்தி தெளிவாக இருக்கிறது. ஒரு உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட எனக்குத் தகுதி இருக்கிறதா, இல்லையா? இருக்கிறதல்லவா? போட விடவில்லை! இன்றைக்குக் காலையில் நடந்தது. மிளகாய் அரைக்க வந்த அம்மாவைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார்கள். ஓரமாக நின்ற என்னை, வேண்டாம் என்றார்கள்.

முதலிலிருந்து சொன்னால்தான் நியாயம் புரியும்.

என் அப்பாவும் அம்மாவும் மஸ்கட்டில். ஹாஸ்டலை மூடினால் எனக்குப் போக்கிடம் நாகர்கோவிலில் ரோஸ்லெட் அத்தை வீடுதான். அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஆயுசு முழுக்க ஊருக்கே சொல்லிச் சொல்லி, இப்போது அதை வீட்டில் என்னிடம் பிரயோகிக்கிறார்கள். நான் ஒரு விஷயத்தை விளக்கிக்கொண்டிருப்பேன். "மக்களே, மூச்சை இழு. பிடி" என்பார்கள். சின்ன வயதிலிருந்து பழக்கம், என்னை அறியாமல் பிடித்துவிடுவேன். அந்த இடைவெளியில் அத்தை தான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, "விடு" என்பார்கள். இது நியாயமான விவாத முறையா?

போன மாதம் எங்கள் சபை ஆண்டுவிழாவில் பட்டிமன்றம். பெண்ணுக்கு உரிமையுள்ள வீடு பிறந்த வீடா, புகுந்த வீடா? நான் பிறந்த வீடு அணி. மைக்கைப் பிடித்ததும் மனசு கேட்கவில்லை. நடுவர் அவர்களே, இரண்டும் இல்லை என்று ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வீட்டிலும் பெண் விருந்தாளி. பெண்ணுக்கு அவள் பெயரில் பத்திரம் உள்ள வீடு வேண்டும், கதவைத் தாழ் போட யாரையும் கேட்க வேண்டாத வீடு வேண்டும் என்று ஒரு பிடி பிடித்தேன். என் அணித் தலைவரே தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கை தட்டவில்லை அக்கா! ஒரு தட்டுக்கூட. வீட்டுக்கு நடந்து வரும்போது, "நல்லாருந்துச்சா அத்தை?" என்று நானே வெட்கம் விட்டுக் கேட்டேன். "தொண்டைக்குச் சுக்குத்தண்ணி போட்டுத் தரட்டா?" என்றார்கள். அவ்வளவுதான் விமர்சனம்.

அடுத்த வாரம் இட்லி சாப்பிடும்போது சொன்னார்கள், "மக்களே, நான் ஒரு உயில் எழுதணும். நல்ல வக்கீலாப் பாக்கணும்."

அத்தைக்கு உள்ளது ஏழு சென்ட் இடமும் ஒரு மாடி வீடும். அதற்குக் கண்ணி வைத்துக் காத்திருப்பவர் ஞானதாஸ் சித்தப்பா, அத்தையின் தம்பி. உயில் என்ற சொல் அவர் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது. மறுநாளே ஒரு வக்கீலுடன் வந்து நின்றார்.

"அக்கா, இவர் எட்வின். நம்ம சபை கமிட்டி. நம்ம ஆளு. பீஸ் ஒண்ணும் வாங்க மாட்டார்."

"பீஸ் வாங்காத வக்கீல் யாருக்கு வேலை பார்க்கிறார் சித்தப்பா?" என்றேன்.

"ஏ வாயாடி, நீ போய் காப்பி போடு."

நான் போகவில்லை. ஏன் போக வேண்டும்? உட்கார்ந்து பார்த்தேன். எட்வின் சார் கேள்வி கேட்கிறார், எல்லாமே சித்தப்பாவிடம். சர்வே நம்பர் என்ன, எல்லை என்ன, அக்காவுக்கு சுகர் உண்டா. அத்தை பார்சல் மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு அவர் பையைத் திறந்து டைப் அடித்த தாளை எடுத்தார். எழுதியே கொண்டுவந்துவிட்டார்! "சுயபுத்தியோடும் பூரண சம்மதத்தோடும் என் உடன்பிறந்த தம்பி ஞானதாஸுக்கு" என்று வாசிக்கிறார்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே எட்வின்" என்றார்கள் அத்தை.

"அது வழக்கமான வாசகம் சிஸ்டர். ஒரு சாட்சி நான் போட்டுக்கிடுதேன். இன்னொண்ணு அண்ணன் போடட்டும்."

சித்தப்பா பேனா மூடியைக் கழற்றிவிட்டார். நான் எழுந்தேன். எங்கள் யுனிவர்சிட்டியில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்தது அக்கா. எல்லாரும் பிரியாணிக்காகப் போனார்கள், நான் குறிப்பெடுக்கப் போனேன். "நிறுத்துங்கள்" என்றேன். "கிறிஸ்தவர்கள் எழுதுகிற உயிலில், யாருக்குச் சொத்துப் போகிறதோ அவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால், உயில் செல்லும், ஆனால் அவருக்கு எழுதியது மட்டும் செல்லாது. தெரியுமா?" எட்வின் சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் பாவம், வாகன விபத்து வழக்குப் பார்க்கிறவர். உயில் எழுதியே பழக்கமில்லையாம். நான் அதட்டிக் கேட்டபோது ஒத்துக்கொண்டார். சித்தப்பா பேனாவைக் கீழே போட்டார், அது சுட்ட மாதிரி.

அவர்கள் போன பிறகு அத்தை சிரிக்க ஆரம்பித்தார்கள். நிற்கவே இல்லை. "ஏ பிள்ளே, நீ மட்டும் வாயை மூடிட்டு இருந்திருந்தா, அவன் கையெழுத்தைப் போட்டிருப்பான், அவனுக்கு அஞ்சு பைசா கெடச்சிருக்காது!" எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். நான் கொள்கையைப் பார்த்தேன். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? சாட்சிச் சட்டத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே நான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அடுத்த வக்கீலை நானே கண்டுபிடித்தேன். ராபின்சன் சார். ஏ.சி. அறை, சுவர் முழுக்கச் சட்டப் புத்தகம், ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில். எப்படிப்பட்ட மனிதர் தெரியுமா? நான் பேசுவதை முழுசாகக் கேட்டார்! பெண்களின் சொத்துரிமை வரலாற்றை நான் சுருக்கமாகச் சொன்னேன், தலையாட்டினார். வீட்டை ஒரு பெண்கள் விடுதிக்கோ அநாதை இல்லத்துக்கோ எழுதலாம் என்று என் யோசனையைச் சொன்னேன், "பிரமாதம், மேடம்" என்றார். உயிலை நிறைவேற்றுகிற பொறுப்பையும் அவரே எடுத்துக்கொள்வாராம். அசல் உயிலையும் அவர் பீரோவிலேயே வைத்துக்கொள்வாராம். நமக்குக் கவலையே இல்லை. நான் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அத்தை எழுந்து, "வாறோம் தம்பி" என்றார்கள்.

ஆட்டோவில் கேட்டேன், என்ன குறை என்று.

"நீ பேசினதுக்கெல்லாம் தலையாட்டினார். நாளைக்கு ஞானதாஸ் போய்ப் பேசினா அதுக்கும் ஆட்டுவாரே மக்களே. அதோட, சாகப்போறது நான். என் மூஞ்சியைப் பாத்து ஒரு கேள்வி கேட்டாரா?"

இது ஒரு வாதமா? அத்தை சார்பில்தான் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனே! பிறகு எதற்குத் தனியாக அவர்களைக் கேட்க வேண்டும்?

சரி, உங்கள் வழியில் தேடுங்கள் என்று விட்டேன். எப்படித் தேடினார்கள் தெரியுமா? சாவு வீடு சாவு வீடாகப் போய். நிஜமாக! ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததால் அத்தைக்கு ஊரில் யாருக்கு மூச்சு நின்றாலும் தெரியும். அடக்க ஆராதனை ஒன்றைக்கூட விட மாட்டார்கள். அங்கே போய், அழுது முடித்து, காப்பி குடித்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம் மெதுவாக விசாரிப்பார்கள். உங்க வீட்டுக்காரர் போனப்போ உயில் இருந்துச்சா? யார் எழுதினது? பிள்ளைகளுக்குள்ள சண்டை வந்துச்சா? கடைசியில் ஒரு கேள்வி: கிறிஸ்துமஸுக்கு அண்ணன் தம்பி எல்லாம் ஒண்ணாச் சாப்பிடுகாவளா?

எனக்கு மானம் போயிற்று. "அத்தை, வக்கீலைப் பற்றி வக்கீலிடம் கேட்பார்கள், கோர்ட்டில் கேட்பார்கள். துக்க வீட்டிலா கேட்பார்கள்?"

"மூச்சை இழு. பிடி." பிடித்தேன். "டாக்டர் நல்லவரான்னு பிழைச்சவிய வந்து சொல்லுவாவ. உயில் எழுதினவன் வந்து சொல்லுவானா, வக்கீல் நல்லா எழுதினாருன்னு? மிச்சம் இருக்கவியளைத்தான் கேக்கணும். விடு."

அப்படி மூன்று வீட்டில் ஒரே பெயர் வந்தது. ஸ்டெல்லா பாய் வக்கீல். மூன்று வீட்டிலும் கிறிஸ்துமஸுக்கு ஒரே மேசையாம். அத்தைக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஆபீஸ் எங்கே? ஒரு மாவு மில்லின் மாடியில்! கீழே மெஷின் ஓடுகிறது, மாடிப்படி நடுங்குகிறது. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் அத்தையிடம், "நீங்களா வந்தீங்களா, கூட்டிட்டு வந்தாங்களா?" என்றார்.

எப்படிப்பட்ட கேள்வி பாருங்கள்! "நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்" என்றேன்.

"அப்போ நீங்க வெளிய இருங்க."

"நான் இவர்கள் அண்ணன்... இல்லை, தம்பி மகள்."

"அதனாலதான்."

"நான் இவர்கள் நலனுக்காகத்தான் வந்திருக்கிறேன்."

"எல்லாரும் அதுக்குத்தான்மா வாறாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். ஞானதாஸ் சித்தப்பாவைச் சொல்லலாம், நியாயம். என்னையும் அதே தட்டில் வைப்பதா? படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் சத்தத்தில் உள்ளே பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று கதவோரம் போகவும் இல்லை. சரி, ஒரு தடவை போனேன். கேட்கவில்லை. அத்தை வெளியே வரும்போது என் சுடிதார் முழுக்க அரிசி மாவு. "பேய் மாதிரி இருக்கே" என்று சிரித்தார்கள். உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "என்னைப் பத்தித்தான்" என்றார்கள். அந்த முகத்தில் ஒரு சந்தோஷம், அக்கா. ஊருக்கெல்லாம் எக்ஸ்ரே எடுத்தவர்களை, முதல் தடவையாக இன்னொருத்தர் படம் எடுத்த மாதிரி.

ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாரமும் நான் உயிலைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால், அத்தை வேறு ஏதாவது கேட்பார்கள். "மாடி ரூம்ல மேற்கு வெயில் அடிக்குமே, புஸ்தகம் வெச்சா கெட்டுப்போவுமா?" என்பார்கள். வெயிலில் அட்டை வெளுக்கும், திரை போட்டால் போதும் அத்தை, இப்போது முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பேன். "கிச்சன்ல அந்த மேடை உனக்கு உசரமா இருக்கா?" என்பார்கள். வயதாகிவிட்டது, ஒரு விஷயத்தில் மனசு நிற்பதில்லை என்று நானும் விட்டுக்கொடுத்தேன். ஒருநாள் மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "யாருக்கு எழுதுவது என்பது உங்கள் உரிமை. எனக்கு எதுவும் வேண்டாம். நான் கொள்கைக்காக நிற்கிறேன்." அத்தை, "நில்லு, நில்லு. கால் வலிச்சா உக்காரு" என்றார்கள்.

இன்றைக்குக் காலையில் கையெழுத்து. இந்தத் தடவை கதவு திறந்திருந்தது, நானும் உள்ளே போனேன். ஸ்டெல்லா பாய் உயிலை அத்தையிடம் கொடுத்து, அவர்களே மனசுக்குள் முழுசும் வாசிக்கும் வரைக்கும் காத்திருந்தார். "இது உங்க வார்த்தைதானா? மாத்தணும்னா இப்பவும் மாத்தலாம்" என்றார். பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "அருளப்பா, ஒரு சாட்சி வேணும், மேல வா. கீழ சரோஜம் அக்கா நிக்காவளா? அவியளையும் வரச் சொல்லு" என்றார்.

அருளப்பன் மில்காரர். சரோஜம் எங்கள் அடுத்த தெரு, அத்தைக்கு நன்றாகத் தெரியும், இன்றைக்கு மிளகாய் அரைக்க வந்திருந்தார்கள். நான் அங்கேயே பேனாவோடு நிற்கிறேன். அந்தச் சட்டத்தை அந்த வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான். "ஒருவர் போதும், இன்னொரு சாட்சி நான்" என்றேன்.

"நீங்க வேண்டாம்" என்றார் வக்கீல்.

"ஏன்?"

"வேண்டாம்."

"எனக்கு வயது வந்துவிட்டது. காரணம் சொல்லுங்கள்."

"காரணம் சொல்ல வேண்டியது உங்க அத்தை. நான் இல்ல."

அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார்கள். "மக்களே, மூச்சை இழு. பிடி" என்றார்கள்.

பிடித்தேன் அக்கா. பிடித்துக்கொண்டே பார்த்தேன். அத்தை கையெழுத்துப் போட்டார்கள். அருளப்பன் போட்டார். சரோஜம் அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போட்டார்கள், அப்படியும் தாளின் ஓரத்தில் செக்கச்செவேலென்று ஒரு விரல் தடம். வக்கீல் தும்மினார், எல்லாரும் தும்மினார்கள், சிரித்தார்கள். இந்தக் கலாட்டாவில் அத்தை "விடு" என்று சொல்லவே இல்லை. மறந்துவிட்டார்கள். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

எனக்கு வீடு பெரிசில்லை அக்கா, வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் எழுதட்டும். நம்பிக்கைதான் விஷயம். வீட்டுக்கு வந்து நேராகப் பெட்டியைக் கட்டினேன். இன்னும் நான்கு நாள் லீவு இருக்கிறது. அத்தை வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார்கள்.

"மிளகாய்க்காரி மேல் உள்ள நம்பிக்கை என் மேல் இல்லை. இல்லையா?" என்றேன்.

அத்தை, "எம்.ஏ.ல உனக்கு மார்க் போடுகது யாரு மக்களே?" என்றார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள் அக்கா! நான் அழுகிற நிலையில் நிற்கிறேன், சிரிக்கிறார்கள். "இனிமேல் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போய் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் பைக்குள் வைத்தார்கள். நானும் அதை எடுத்து வெளியே வைக்கவில்லை. கோபம் வேறு, முந்திரிக்கொத்து வேறு. இந்தாருங்கள், நீங்களும் ஒன்று எடுங்கள். வெல்லம் தூக்கலாக இருக்கும், எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

இப்போது சொல்லுங்கள். என் பக்கம் நியாயம் இருக்கிறதா, இல்லையா?

என்ன? சித்தப்பா ஏன் கையெழுத்துப் போடக்கூடாதென்று சொன்னேனா? அதுதான் விளக்கினேனே அக்கா. வாழைக்குலையிலேயே கவனமாக இருந்தீர்களா? யாருக்குச் சொத்து எழுதியிருக்கிறதோ, அவர் சாட்சி போடக்கூடாது. போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. ரொம்பச் சுலபமான சட்டம், சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அதனால்தான் சித்தப்பா போடக்கூடாது என்றேன். அதனால்தான் அத்தையும் என்னை...

அக்கா.

சிரிக்காதீர்கள். ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள்.

மாடி ரூம். மேற்கு வெயில். கிச்சன் மேடை உயரமா என்று... அட, கை தட்டவில்லை என்று சொன்னேனே, அது...

இல்லை, இல்லை, இதுவும் தப்புதான்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நான் வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா, கொள்கை என்று சொன்னேனா இல்லையா? சொன்னவளுக்கே எழுதுவதா? நான் மாடியில் திரை போடச் சொன்னது பொதுவான ஆலோசனை. அதை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவதா? இதை இப்படியே விட முடியாது அக்கா. நேரில் கேட்டுவிட வேண்டும். இன்றைக்கே கேட்டுவிட வேண்டும். படி ஏற மாட்டேன் என்று வேறு சொல்லித் தொலைத்துவிட்டேன்.

கண்டக்டரண்ணா! இது நாங்குநேரிதானே? நிற்கும்தானே? நான் இறங்கணும்!

பார்த்தீர்களா, எப்படிக் கத்துகிறார் என்று. மதுரைக்கு டிக்கெட் எடுத்தால் நாங்குநேரியில் இறங்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஊருக்குள் வந்ததே என்னால்தான். என்னால்தான் வந்தது என்று அவரே சொல்கிறார் பாருங்கள், வேறு குரலில்.

குலையைப் பிடியுங்கள் அக்கா, நான் எழுந்துகொள்கிறேன். மீதி முந்திரிக்கொத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவரே, கொஞ்சம் வழி விடுங்கள், இல்லை, நீங்கள் முதலில் இறங்குங்கள், பையை நான் எடுத்துத் தருகிறேன். நாகர்கோவில் போகிற வண்டி எந்தப் பக்கம் நிற்கும்?

சமாதானமா? நானா? சண்டை போடத்தான் போகிறேன் அக்கா. ஆனால் முதலில் வாசலில் நின்று ஒன்று கேட்க வேண்டும். காலையில் பிடித்த மூச்சு, இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். விடு என்று அத்தை வாயால் சொல்லட்டும்.